கல்வராயன் மலைக்கு ஏறிய திராட்சரசம்

எங்கள் கிள்ளான் சபையில் ஐக்கியம் என்றால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்கூடத்தில் நின்றுகொண்டு பொரித்த மீகூன் என்கிற அரிசி நூடுல்ஸ் சாப்பிடுவது. யார் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை, யார் புதுக் கார் வாங்கிவிட்டார்கள் என்பதையெல்லாம் கர்த்தருடைய பிள்ளைகள் அங்கேதான் பகிர்ந்துகொள்வோம். இத்தனை வருஷம் எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மூப்பர் டேனியலுக்குத்தான் திடீரென்று போதாமல் போய்விட்டது.

கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சிக்கு மேலே, கல்வராயன் மலையில் இருக்கும் ஒரு சின்னச் சபைக்கு நாங்கள் கூரைத் தகரம் வாங்கிக் கொடுத்திருந்தோம். தகரம் மட்டும் கொடுத்தால் ஆயிற்றா, அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து திருவிருந்து எடுத்தால்தானே உண்மையான ஐக்கியம் என்று மூப்பர் கூட்டத்தில் எழுந்து முழங்கினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இயேசு கடைசியாகத் தம் சீடர்களோடு சாப்பிட்டதை நினைத்து, அப்பத்தில் ஒரு துண்டும் திராட்சரசத்தில் ஒரு மிடறும் எல்லாரும் சேர்ந்து எடுப்பதுதான் திருவிருந்து. கடவுளோடும் பக்கத்தில் இருப்பவர்களோடும் ஒன்றாகிவிட்டோம் என்று அர்த்தம்.

எல்லாரும் கை தட்டினார்கள். மூப்பரோடு யார் போவது என்ற கேள்வி வந்ததும் தட்டிய கைகள் மடிக்கு இறங்கிவிட்டன. கடைசியில், தமிழ் சரளமாகப் பேசுவாள், முழங்கால் இன்னும் மடங்கும் என்ற இரண்டு தகுதிகளுக்காக என்னைப் பிடித்தார்கள். பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி ஓய்ந்தவள் நான். "சும்மாதானே இருக்கிறாள்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

கள்ளக்குறிச்சியில் முதல் நாள். மூப்பர் கையில் ஒரு பெட்டி. அவருடைய காலமான அம்மாவின் நினைவாக வாங்கிய, வெள்ளி முலாம் பூசிய திருவிருந்துப் பாத்திரங்கள் அதற்குள் இருந்தன. ஒரு குடுவை, ஒரு தட்டு, விரல் உயரத்துக்குக் கண்ணாடிக் குவளைகள். பஸ் ஸ்டாண்டிலிருந்து லாட்ஜுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். எங்கள் ஊரில் ஐந்து பேர் உட்காருகிற இடம் அது. இங்கே அதற்குள் ஒரு கல்யாண வீடே இருந்தது. கத்தரிக்காய் மூட்டையோடு ஏறிய ஓர் அம்மாள் மூப்பரைப் பார்த்து, "கொஞ்சம் ஒத்திக் குந்துங்க சார். இன்னா, சாமி தேர்ல குந்திக்கினு இருக்காப்ல குந்திக்கினு இருக்கீங்க?" என்றார். மூப்பர் ஒத்தினார். மூட்டை பாதி அவர் மடிக்கு வந்தது. கடல் தாண்டித் தேடி வந்த ஐக்கியம் ஆட்டோவிலேயே கிடைத்துவிட்டதே, இப்படியே திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ரொட்டி சானாயின் சொந்த அக்காள் அது. ஆனால் நாங்கள் பருப்புக் குழம்பைத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இங்கே சால்னாவை ஊற்றி மூழ்கடிக்கிறார்கள். நான் இரண்டு செட் சாப்பிட்டேன். பொறாமையாக இருந்தது, அந்தச் சால்னாவை என் கேன்டீனில் ஒரு நாளாவது வைத்திருக்கலாம். மூப்பர் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டே கிள்ளானுக்குப் போன் பேசினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம்: "இங்கே எல்லாம் மிகவும் எளிமை. என் கண் கலங்குகிறது. ஏசி அறை ஒன்றுதான் கிடைத்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன்."

லாட்ஜில் அவர் செய்த காரியத்தை அடுத்த நாள்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் சபையில் பழச்சாறு வைப்பதில்லை. புளித்த திராட்சரசம்தான், அதிலும் கறை பிடிக்கக் கூடாது என்பதற்காக வெள்ளை. அதில் ஒரு பாட்டிலை மூப்பர் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். லாட்ஜ்காரர்கள் கண்ணில் ஒயின் பாட்டில் பட்டால் சாட்சி, அதாவது விசுவாசி என்ற நல்ல பெயர், கெட்டுவிடுமே! அதனால் எல்லாவற்றையும் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, காலிப் பாட்டிலை நியூஸ் பேப்பரில் சுற்றிக் குளியலறைக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறார். லாட்ஜ்காரர்கள் வாழ்க்கையில் எத்தனை காலிப் பாட்டிலைப் பேப்பரில் சுற்றிப் பார்த்திருப்பார்கள்! சாட்சி அங்கேயே போயிற்று.

இரண்டாம் நாள் காலையில் ஜீப். ஓட்டுநர் முருகேசன் உள்ளூர்க்காரர், நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய பேச்சு. மலை அடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட். இந்த மலைக்கும் சாராயத்துக்கும் இருக்கிற உறவு ஊரறிந்தது. ஓடை ஓரங்களில் காய்ச்சி, கேன்களில் ஊற்றிக் கீழே இறக்குவார்கள், அதைப் பிடிக்கத்தான் இந்தச் செக்போஸ்ட் என்று முருகேசன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் போலீஸ் பைகளைப் பார்க்க வந்துவிட்டார்.

"இது இன்னா சார், தண்ணியா?"

பொய் சொல்ல மாட்டார் மூப்பர். "இல்லை, இது பரிசுத்தமானது" என்றார்.

அந்தப் பெண் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு மூப்பரை மேலும் கீழும் பார்த்தார். "நானும் இங்க நின்னுக்கினு இருக்கேன், மேலேர்ந்து கீழ எறக்கினு வர்றவன எத்தினியோ பேரப் புடிச்சிருக்கேன். கீழேர்ந்து மேல ஏத்திக்கினு போற மொத ஆளு நீங்கதான் சார்."

முருகேசன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். மூப்பர் பெட்டியைத் திறந்து குடுவையையும் குவளைகளையும் காட்டி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். அது இன்னும் மோசமாகிவிட்டது. "கிளாஸ் வேற ரெடியா வெச்சிருக்கீங்க" என்றார் அந்தப் பெண்.

"மதம் கிதம் மாத்தப் போறீங்களா?" என்று அவரே அடுத்த கேள்வியும் போட்டார்.

"அவங்க மாறி ரொம்ப நாளாச்சும்மா" என்றேன் நான். "சரியா மாறியிருக்காங்களான்னு இவரு பரீட்சை வைக்கப் போறாரு."

விஷம் இல்லையே என்று அந்தப் பெண் போலீஸ் சந்தேகமாகக் கேட்டார். கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. இந்த ஜில்லாவில் கண்ட சரக்கைக் குடித்துச் செத்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. மூப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானே குடித்துக் காட்டுகிறேன்" என்று பாட்டிலை வாங்கி ஒரு வாய் பெரிதாகவே குடித்தார். மாதத்துக்கு ஒரு மிடறுக்கு மேல் அறியாத மனுஷன். முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. மலைச் சபையின் போதகருக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு எங்களை விட்டார்கள். "போங்க. மேல குடிச்சி அழிஞ்ச குடும்பம் ஜாஸ்தி, பாத்துக் குடுங்க" என்றார் அந்தப் பெண் போலீஸ். அந்த வார்த்தையை மூப்பர் காதில் வாங்கவே இல்லை. முதல் வளைவில் கீர்த்தனை பாட ஆரம்பித்தார், நாலைந்து வளைவு தாண்டியதும் பாட்டு நின்றது, பிறகு ஜீப்பையும் நிறுத்தச் சொன்னார்.

கரியாலூரைத் தாண்டியதும் காற்று குளிர்ந்துவிட்டது. எங்கள் கேமரன் மலையில் ஸ்ட்ராபெரிக்குப் போர்டு வைத்திருக்கிற மாதிரி இங்கே எதற்கும் போர்டு இல்லை. மரவள்ளிக் காடு, நடுவில் வீடு, மறுபடி மரவள்ளிக் காடு. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து சபைக்கு ஒரு சரிவில் ஏறிப் போக வேண்டும். போதகர் யோவான் மெலிந்த, பயந்த மனுஷர். எங்களைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கூரையைக் காட்டினார். நல்ல கூரைதான். மழை வந்தால் பிரசங்கம் ஒரு வார்த்தை கேட்காதாம். அதற்காகவே கிள்ளானுக்கு இன்னொரு தடவை நன்றி சொல்லியிருக்கலாம்.

நான் தங்கியது ராஜாத்தி வீட்டில். முப்பத்தைந்து வயதிருக்கும், வேகமான கை, குறைவான பேச்சு. புருஷன் செல்லமுத்து பலாப்பழம் ஒன்றைப் பிளந்து என் முன்னால் வைத்துவிட்டு வெட்கப்பட்டு வெளியே போய்விட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். நாற்பது வருஷம் பிறருக்குச் சமைத்தவள் சொல்கிறேன், அந்த மொச்சைக் குழம்புக்கு முன்னால் என் சமையல் எல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு.

சாயங்காலம் ராஜாத்தி ஒரு சட்டியில் உலர்ந்த திராட்சையைப் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நாளைய திருவிருந்துக்கு. இங்கே அதுதான் வழக்கம். சனிக்கிழமை பொழுது சாயக் காய்ச்சி, வடிகட்டி, ஞாயிறு காலையில் புளிக்கும் முன்னே எடுத்துவிடுவார்கள். அப்போது போதகர் வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "அது வாணாம்மா. அய்யா வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்துருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜாத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, அய்யா கொண்டாந்தது புளிச்சதா?"

ஆமாம் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டேன். ஒரே மூச்சில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு காச்சவும் காச்சுவாரு, குடிக்கவும் குடிப்பாருங்க. சபைக்கு வந்து வுட்டாரு. அப்ப இருந்த போதகரு புளிச்சதுதான் குடுத்தாரு. ஒரு முழுங்குதாங்க. பந்தியிலேர்ந்து எந்திரிச்சி நேரா ஓடைக்குப் போயிட்டாரு. மூணு மாசம் வூடு தங்கல. ஒரு நாளு பள்ளத்துல வுழுந்து கெடந்தவர நானும் இன்னும் நாலு பேரும்தான் தூக்கியாந்தோம். அதுக்கப்பறம்தான் எல்லாரும் பேசி, இனிமே காச்சுன திராச்சத் தண்ணிதான்னு வெச்சாங்க. இப்ப மறுபடி நாக்குல பட்டா நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

நேராக மூப்பரிடம் போனேன். போதகர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சிஸ்டர், திராட்சை ஊறவைத்த தண்ணீர் பாயசத்துக்குச் சரி. இது கர்த்தருடைய பந்தி. ஆசீர்வதித்த பிறகு அது அவருடைய இரத்தம். அது எப்படிப் போதை கொடுக்கும்?"

"அப்போ செக்போஸ்ட்டில் குடித்தது ஆசீர்வதிக்காதது, அதனால்தான் பாட்டு வந்ததா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "பலவீனமான சகோதரன் வேண்டுமானால் வெளியே உட்காரட்டும். ஒருவருக்காக முழுச் சபையின் ஒழுங்கையும் மாற்ற முடியுமா?"

இதை ராஜாத்தியிடம் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். "வெளிய குந்துனா எதோ தப்பு பண்ணிட்டாருன்னு ஆயிடும்க்கா. அப்பறம் வேற எங்க குந்துறதுன்னு அவருக்கே தெரியும்." திராட்சைச் சட்டியை இறக்கி, வடிகட்டி, மூடி வைத்தாள். "இருக்கட்டும். காச்சுனது காச்சியாச்சி."

மூன்றாம் நாள் ஞாயிறு. மூப்பர் வெறும் வயிறு. திருவிருந்து நாளில் அவர் தண்ணீர்கூடத் தொட மாட்டார். தரையில் பாய் விரித்து ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். செல்லமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். மூப்பர் பாட்டிலிலிருந்த எல்லாவற்றையும் வெள்ளிக் குடுவையில் ஊற்றி, அதைத் தூக்கிப் பிடித்து நீளமாக ஜெபித்தார். கல்வராயன் மலையும் கிள்ளானும் இன்று ஒரே சரீரம் என்றார். அப்பம் கொடுத்தார்கள். பிறகு குவளைகள் கைக்குக் கை வந்தன.

இந்தச் சபையில் ஒரு பழக்கம். முதலில் வாங்கியவர் முதலில் குடிப்பதில்லை. கடைசி ஆள் கைக்கு வரும்வரை எல்லாரும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். எங்கள் சபையில் வாங்கியதும் வாயில் போட்டுவிட்டு மீகூனை நினைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்புவோம். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, உதடுவரை கொண்டுபோய்விட்டேன். அப்போதுதான் செல்லமுத்துவைப் பார்த்தேன்.

குவளை அவர் மூக்குக்கு நேராக இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அதன் வாசனையைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. குவளை சாய்ந்து, ரெண்டு சொட்டு விரலில் வழிந்தது. ஆண்டவரே, அந்த விரலை அவர் வாயில் வைத்துவிடக் கூடாதே என்று எனக்கு உயிர் போயிற்று. பெண்கள் பக்கம் ராஜாத்தி கண்ணை மூடிவிட்டாள்.

செல்லமுத்து குவளையைத் தரையில் வைத்தார். எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, விரலைத் துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"பானம்பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கண்ணைத் திறந்தபோது அவர் ஒருவர்தான் குடித்திருந்தார். செல்லமுத்துவுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் குவளையைத் தரையில் வைத்தார். அதற்கடுத்தவர் வைத்தார். பெண்கள் பக்கமும் ஒவ்வொன்றாகப் பாயில் இறங்கியது. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. நானும் வைத்தேன். கடைசியில் எல்லாரும் போதகர் யோவானைப் பார்த்தார்கள். அவர் ஒரு தடவை அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தார். பிறகு அவரும் வைத்துவிட்டார்.

"ஏன்? என்ன ஆச்சு?" என்றார் மூப்பர்.

"ஒருத்தரு எடுக்கலன்னா இங்க யாரும் எடுக்க மாட்டாங்க அய்யா" என்றார் போதகர். குரல் நடுங்கினாலும் சொல்லிவிட்டார். "ராஜாத்தி, அதக் கொண்டா."

ராஜாத்தி எழுந்து ஓடினாள். சட்டியும் எவர்சில்வர் டம்ளர்களும் வந்தன. போதகர் அதன்மேல் கை வைத்து ரெண்டே வார்த்தையில் ஜெபித்தார். ஆனால் இப்போது ஒரு சிக்கல் வந்தது. எங்கள் சபையில் ஒரு சட்டம் உண்டு. ஆசீர்வதித்த ரசத்தில் ஒரு சொட்டும் மண்ணில் விழக் கூடாது, பாட்டிலுக்கும் திரும்பக் கூடாது. மிஞ்சியதை நடத்துகிறவரே குடித்து முடிக்க வேண்டும். இதில் அசட்டையாக இருந்த ஓர் ஊழியரைச் சபை முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டவரே நம் மூப்பர்தான். மலைக்காரர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. அவர்கள் பாட்டுக்குக் குவளைகளை மரியாதையாகத் தட்டில் வைத்து அவர் முன்னால் கொண்டுவந்து அடுக்கினார்கள்.

மூப்பர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்கள் கொஞ்சம்..."

"எனக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கு, பிரதர்."

குடித்தார். வேறு வழி? ஒவ்வொரு குவளையாக, பிறகு குடுவையில் மீதி இருந்ததும். முழுச் சபையும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது. அவரும் அவர்களில் ஒருவர்தானே, அவர் கைக்கும் டம்ளர் வராமல் எப்படிக் குடிப்பது? கடைசியில் ராஜாத்தியே போய் அவர் கையில் திராட்சைத் தண்ணீரைக் கொடுத்தாள். எல்லாரும் சேர்ந்து குடித்தோம். செல்லமுத்துவும் குடித்தார். இளஞ்சூடாக, இனிப்பாக இருந்தது. பாயசத்துக்குச் சரி என்று மூப்பர் சொன்னது உண்மைதான்.

வெளியே வெயிலுக்கு வந்ததும் மூப்பரின் கால் இரண்டும் தனித்தனி வழியில் போயின. ஜீப் வரை சரிவில் இறங்க வேண்டும். போதகர் பிடித்தால் போதகரும் சேர்ந்து விழுவார். செல்லமுத்து வந்து அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தார். "இவரு வெயிட்டு எனக்குத் தெரியும்ங்க. என்னைய இப்படித்தான் தூக்கினு வருவாங்க." மூப்பரின் மூச்சு முழுக்க அவர் முகத்தில் அடித்தது. செல்லமுத்து துண்டை எடுத்து மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ராஜாத்தி ஓர் அடிகூட விலகாமல் பின்னாலேயே வந்தாள்.

பாதிச் சரிவில் மூப்பர் நின்றார். "தம்பி" என்றார், கிள்ளானில் யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நீ எப்படித் தம்பி இதை விட்ட?"

"நான் எங்கங்க வுட்டேன்? எனக்கு இன்னிக்கும் வேணும்னுதான் இருக்கு." துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "குடிக்காதவங்கோ அத்தினி பேரும் எனக்காவ வுட்டாங்க. அதான் நான் குந்தினு இருக்கேன்."

மூப்பர் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். கீழே ஜீப்பிலிருந்து முருகேசன் எட்டிப் பார்த்து, "அது போத அழுவ மேடம், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்" என்றார். இருக்கலாம். எனக்கும் அழுகை வந்தது. நான் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை.